பஞ்சு புல் தின்ற பாடம்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு முயல் கட்டுரை எதுக்குடா? லேத் பத்தி எழுது" என்று மலர்க் குழுவில் ஒரு சீனியர் அண்ணன் கேட்டார். லேத் பற்றி எழுத நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் மாணவர்கள் வீடுகளில் இன்று எத்தனை முயல்கள் பிஸ்கட்டும் கேரட்டும் தின்றுகொண்டு இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றாவது பிழைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒன்று பிழைக்கவில்லை.

திருவொற்றியூரில் எங்கள் வீடு மாடிப் போர்ஷன். எட்டாவது படிக்கும் என் தங்கை பிறந்த நாளுக்கு ஆசைப்பட்டாள் என்று அப்பா இரண்டு முயல் வாங்கி வந்தார். சின்னு, பஞ்சு என்று பெயர் வைத்தோம். விற்றவர், "கேரட்டு, கோசு, கடையில விக்கிற குருணைத் தீவனம், எது போட்டாலும் சாப்டும்" என்றார். நாங்களும் போட்டோம். டீ நேரத்தில் பிஸ்கட் வேறு. ஊரிலிருந்து வந்த ஆயா மட்டும், "ஏம்ப்பா, புல்லு திங்கிற ஜந்துக்கு யாராவது பிஸ்கோத்து போடுவாங்களா?" என்று கேட்டது. நாங்கள் சிரித்தோம்.

ஒரு மார்கழி ராத்திரி சின்னு எதையும் தொடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. "காலையில பார்த்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். காலையில் பார்க்க உயிர் இல்லை. கண்ணு பட்டுவிட்டது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. காரணம் கண் அல்ல, வயிறு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நாலு மாதம் கழித்து பஞ்சுவும் அதேபோல உட்கார்ந்தது. இந்தத் தடவை காத்திருக்கவில்லை. துணிப்பையில் வைத்து ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. டாக்டரம்மா வாயைத் திறந்து, விளக்கு அடித்துக் காட்டினார். கடைவாய்ப் பல் ஓரத்தில் ஊசி மாதிரி முனை வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. மயக்க மருந்து கொடுத்து அந்த முனைகளைத் தேய்த்தார்கள், தோலுக்கடியில் திரவம் ஏற்றினார்கள், குடல் நகர மருந்து கொடுத்தார்கள். கடைசியில் டாக்டரம்மா சொன்னது இதுதான்: "தம்பி, என் மருந்து இன்னியோட முடிஞ்சுது. மிச்ச மருந்து காய்ஞ்ச புல்லு. அத நீங்கதான் குடுக்கணும்."

கொடுத்தோம். பஞ்சு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. "தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று மனிதனின் பிடிவாதத்தைச் சொல்வார்கள். முயலின் பிடிவாதத்தைப் பார்த்தவன் அந்தப் பழமொழியை மாற்றி எழுதியிருப்பான்.

புல் ஏன்?

முதலில் காரணம் தெரிய வேண்டும். காரணம் தெரியாமல் செய்கிற வேலை நிற்காது.

பல்: முயலுக்கு 28 பற்கள். எலி, அணில் இனம் என்று பலர் நினைக்கிறோம், அது தவறு. முயலின் மேல் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறிய ஜோடிப் பல் உண்டு, எலிக்கு அது கிடையாது. முயலின் எல்லாப் பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். அந்த வளர்ச்சி தேய்ந்தே ஆக வேண்டும். புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் அரைக்கிறது, நம் பட்டறையில் அரம் போடுவதைப் போல. குருணைத் தீவனமும் கேரட்டும் மேலும் கீழுமாக நொறுக்கினாலே போதும், அரைபடும் நேரம் குறைவு. தேயாத பல் முனையாகிறது, முனை நாக்கைக் கிழிக்கிறது, வலியில் முயல் சாப்பாட்டை விடுகிறது.

குடல்: முயலின் குடல் ஒரு கன்வேயர் பெல்ட். பெல்ட்டை ஓட்டுகிற மோட்டார் நார்ச்சத்து. பெரிய நார் குடல் வழியே போய் உருண்டைப் புழுக்கையாக விழும். பொடித்துகள் தனியே பிரிந்து சீக்கம் என்ற பெரிய பைக்குள் போய், நுண்ணுயிர்களால் புளித்து, மெத்தென்ற கொத்தாக வெளிவரும். அதை முயல் தானே குனிந்து தின்றுவிடும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அதில்தான் புரதமும் பி வைட்டமின்களும் கிடைக்கின்றன. தடுக்கக் கூடாது. நார் குறைந்து, மாவும் சர்க்கரையும் கூடினால் பெல்ட் நின்றுபோகும், உள்ளே வாயு சேரும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகவே 12 மணி நேரம் ஒன்றும் தின்னாத முயல் அவசர கேஸ். என் "காலையில பார்த்துக்கலாம்" எவ்வளவு பெரிய தவறு என்று இப்போது தெரிகிறதா?

இன்னொரு சாட்சி வேண்டுமானால் ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காகச் சில முயல்களைத் தன் பண்ணையில் விட்டார். அவை கோடிக்கணக்கில் பெருகி அந்த நாட்டுக்கே தலைவலி ஆயின. அவற்றுக்கு யாரும் கேரட் வாங்கிப் போடவில்லை.

எந்தப் புல்?

மேல்நாட்டில் திமோதி என்ற புல்லைக் காயவைத்துக் கொடுக்கிறார்கள். அது குளிர் நாட்டுப் பயிர். இங்கே பாக்கெட்டில் வருவது நம் வீட்டுக் கட்டுபடிக்கு மேல். நமக்கு அருகம்புல் இருக்கிறது. பிள்ளையார் புண்ணியத்தில் கோயில் வாசலில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. மாடு வைத்திருப்பவரிடம் கேட்டால் கோ-4 கம்பு நேப்பியர் கிடைக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய தீவனப் புல் அது. தண்டு முரடு, இலையை உருவிக் கொடுக்கலாம்.

வைக்கோல் படுக்கைக்கு ஆகும். சத்து குறைவு என்பதால் முழுச் சாப்பாடு ஆகாது. குதிரைமசால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் சினை முயலுக்கும் நல்லது. வளர்ந்த முயலுக்குத் தினம் போட்டால் சுண்ணாம்புச் சத்து கூடி சிறுநீர்ப்பையில் மண்டியாகத் தங்கும். சூபாபுல் தழையில் மைமோசின் என்ற நச்சு உண்டு, தொடர்ந்து தின்றால் முடி கொட்டும். தவிர்ப்பதே நல்லது.

நம் ஏரியாவுக்கு ஒரு எச்சரிக்கை. கன்டெய்னர் லாரி போகிற ரோட்டோரப் புல்லைப் பிடுங்காதீர்கள். டீசல் புகை, எண்ணெய், நிலக்கரித் தூசி எல்லாம் அதில் படிந்திருக்கும். கடையில் வாங்கின புல்லையும் இரண்டு தண்ணீரில் அலசுங்கள்.

காயவைக்கும் முறை

நாங்கள் முதலில் மொட்டை மாடி வெயிலில் போட்டோம். பச்சை நிறம் வெளுத்து, மணம் போய், மேலே கறுப்பாகத் தூசி படிந்தது. பஞ்சு மூக்கைத் திருப்பியதில் ஆச்சரியமில்லை. பிறகு வீட்டுக்குள் ஜன்னலோரம் கயிற்றுக் கட்டிலில் மெல்லியதாகப் பரப்பி, மேலே பழைய வேட்டி போட்டு, காலையும் மாலையும் புரட்டினோம். மூன்று நாளில் காய்ந்தது. முறுக்கினால் பட்டென்று ஒடிய வேண்டும், பச்சை நிறமும் இனிய வாசனையும் இருக்க வேண்டும்.

கடல் காற்றில் ஈரம் அதிகம். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். துணிப்பையில் போட்டுத் தரையில் படாமல் தொங்கவிட்டோம். முடை நாற்றம் அடித்தாலோ, உதறும்போது வெள்ளையாகப் பொடி பறந்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

தின்ன வைத்த வழி

1. முதலில் பல்லை டாக்டரிடம் காட்டவும். வாய் வலிக்கிற முயலை "அடம்" என்று திட்டுவது நியாயமில்லை.

2. பட்டினி போடவே கூடாது. "பசிச்சா தானா திங்கும்" என்பது நாய்க்குச் சரியோ என்னவோ, முயலுக்கு எமன். பிஸ்கட்டை அன்றே நிறுத்தினோம். குருணைத் தீவனத்தை மட்டும் படிப்படியாகக் குறைத்தோம். பஞ்சுவின் எடை 1.8 கிலோ. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் தீவனம் போதும், ஆக 45 கிராம். அதுவரை 120 கிராம் தின்றுகொண்டிருந்தது. முதல் வாரம் 100, இரண்டாம் வாரம் 80, மூன்றாம் வாரம் 60, நான்காம் வாரம் 45 என்று இறக்கினோம்.

3. வாரம் இரண்டு முறை காய்கறிக்காரர் தராசில் எடை பார்த்தோம். 100 கிராம் குறைந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

4. நேராகக் காய்ந்த புல்லுக்குப் போகவில்லை. முதலில் பச்சை அருகம்புல் கொஞ்சமாக, பிறகு ஒரு நாள் வாடியது, பிறகு அரைகுறையாகக் காய்ந்தது, கடைசியில் முழுக்கக் காய்ந்தது. இந்தப் படிக்கட்டுதான் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது.

5. கொத்தமல்லி, புதினாவைப் பொடியாக நறுக்கிப் புல்லோடு பிசிறினோம். தீவனத்தையும் புல்லுக்குள் ஒளித்து வைத்தோம். தேடும் சாக்கில் நாலு புல் வாய்க்குள் போகும்.

6. இடம் முக்கியம். முயல் புழுக்கை போடும்போதே மெல்லும் பழக்கம் உள்ளது. புழுக்கைத் தட்டுக்கு நேர் மேலே புல் வைத்தால் தின்னும். இதற்காகப் பட்டறையில் மீந்த கம்பி வலையில் ஒரு தொட்டி செய்தேன். வெட்டிய முனைகளை அரம் போட்டு மழுக்காமல் வைக்காதீர்கள், கண்ணைக் குத்தும்.

7. விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் முயலுக்குப் பசி நேரம். அந்த இரு வேளையும் பழையதை எடுத்துவிட்டுப் புதுப் புல் வைத்தோம். நேற்றைய புல்லை மறுபடி நீட்டினால் பஞ்சு கண்டுபிடித்துவிடும்.

8. வெயிலைக் கவனிக்கவும். 30 டிகிரிக்கு மேல் முயலுக்குத் திண்டாட்டம், தீனி தானாகக் குறையும். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயல் பண்ணை கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருப்பது சும்மா இல்லை. நமக்கு மலை இல்லை. ஷீட் போட்ட அறையிலிருந்து கீழே கொண்டுவந்து, தரையில் ஈர ஓடு போட்டு, ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 100 மில்லி குடிக்க வேண்டும். மண் சட்டியில் வைத்தால் கவிழாது.

என்ன ஆயிற்று?

லேப் ரெக்கார்டு மாதிரி ஒரு நோட்டு போட்டேன். தங்கை தினமும் எழுதினாள். முதல் வாரம் புழுக்கை மிளகு அளவு, கறுப்பு, எண்ணிக்கையும் கம்மி. பத்தாம் நாள் ஒரு பிடி காய்ந்த புல் காணாமல் போயிருந்தது. பூனை வேலையோ என்று சந்தேகப்பட்டோம். பதினாலாம் நாள் ராத்திரி கரண்ட் போன நேரம். ஃபேன் சத்தம் இல்லாத அமைதியில் 'கறுக் கறுக்' என்று சத்தம் கேட்டது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் அசையாமல் கேட்டோம். ஐந்தாம் வாரம் புழுக்கை கொண்டைக்கடலை அளவு, வைக்கோல் நிறம், உடைத்தால் நார் தெரிந்தது. எடை 1.75 கிலோவில் நின்றது. "இதுதான் பாஸ் மார்க்" என்றார் டாக்டரம்மா.

இப்போது பஞ்சுவின் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல். தினம் அதன் உடம்பளவு ஒரு கட்டு. ஒரு பிடி கீரை, 45 கிராம் தீவனம். கேரட் வாரம் ஒரு துண்டு, திருவிழா பலகாரம் மாதிரி.

முயல் வாங்க ஆசைப்படும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாக வளர்த்தால் அது எட்டு பத்து வருஷம் இருக்கும் உயிர். தினமும் புல் அலச, காயவைக்க, புரட்ட வீட்டில் ஆள் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். காட்டு முயலைப் பிடித்து யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

தமிழில் முயல் என்றால் விலங்கு, முயல் என்றால் முயற்சி செய். இரண்டும் சேர்ந்தால்தான் புல் உள்ளே போகும் என்று கற்றுக்கொண்டேன். போன மாதம் ஆயா மறுபடி வந்தது. கட்டிலில் காயும் புல்லைப் பார்த்து, "இதத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்?" என்று கேட்டது. இந்தத் தடவை நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சின்னு இருந்த இடத்தில் இப்போது புல் கட்டு இருக்கிறது.