பாடம் 6: மும்பைத் தமிழரும் சமூக அமைப்பும்

மும்பையின் மத்திய இரயில் பாதையில் மாட்டுங்காவும் சயானும் அடுத்தடுத்த நிலையங்கள். மாட்டுங்காவில் இறங்கினால் பூக்கடைகளும் காப்பித்தூள் மணமும் கோயில் மணியோசையும் நம்மை வரவேற்கும். சயானில் இறங்கி மேற்கே நடந்தால் தாராவி. அங்கும் தமிழ்க் கடைப்பலகைகள், தமிழ்ப் பேச்சு, பொங்கல் நாளில் வாசற்கோலம். இரண்டிடத்திலும் வாழ்வோர் தமிழர்; இடைத்தொலைவோ நடந்து கடக்கத்தக்கது. ஒரே மொழி பேசுவோர் ஒரே நகருக்கு வந்தும் தனித்தனியே குடியமர்ந்தது ஏன்? இவ்வினாவிற்கு விடை தேடும் கல்வித்துறையே சமூகவியல்.

முதலில் ஒரு சொல்லை அறிந்துகொள்வோம். மும்பையில் 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றில் குடியிருப்போர் மாறிக்கொண்டே இருப்பர். ஆனால் எந்த அறைக்கு அடுத்து எந்த அறை, குழாயடி யாருக்கு அருகில், மாடிப்படி யாருக்குத் தொலைவு என்பன மாறுவதில்லை. மனிதர் வந்து போனாலும் அவர்களுக்கிடையே நிலைத்து நிற்கும் உறவு ஒழுங்கையே சமூக அமைப்பு என்கிறோம். அவ்வொழுங்கில் சிலர் மேலும் சிலர் கீழுமாக வைக்கப்படுவது சமூக அடுக்கமைவு. இந்தியாவில் இவ்வடுக்குகளை வகுத்தவற்றுள் முதன்மையானது சாதி.

இனித் தாராவிக்கு வருவோம். கோலி மீனவர் வாழ்ந்த கழிமுகக் கரையாக இருந்த அவ்விடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. அத்தொழிலில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடரும் தமிழ் இசுலாமியரும் மிகுதியாக ஈடுபட்டனர். சுண்ணாம்பு நீரிலும் நாற்றத்திலும் நாள்முழுதும் நிற்க வேண்டிய கடுந்தொழில் அது. தோலைத் தொடுவது தீட்டு என்று ஒதுங்கியவர்கள் தோலாற்செய்த செருப்பை அணிய ஒருநாளும் தயங்கியதில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்க. இம்மக்கள் தமக்கென ஆதிதிராவிட மகாசன சங்கத்தை அமைத்தனர். தாராவியின் பழைய விநாயகர் கோயில் 1913ஆம் ஆண்டில் எழுந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் அழைத்துச் செல்லப்பட்டதோ 1939ஆம் ஆண்டு சூலைத் திங்களில். சொந்த மண்ணில் அக்கதவு திறப்பதற்கு இருபத்தாறு ஆண்டுகள் முன்னரே, அயல் நகரில் அவர்கள் தம் கோயிலைத் தாமே கட்டிக்கொண்டனர்.

மாட்டுங்காவின் கதை வேறு. 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கடியைக் குறைக்க நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்காப் பகுதிகளில் அகன்ற தெருக்களுடன் புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது. ஆங்கிலக் கல்வி பெற்று, எழுத்தராகவும் தட்டச்சராகவும் கணக்கராகவும் பணியேற்க வந்த தமிழ்ப் பார்ப்பனர் பலர் அங்கே குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் தோன்றியது. முன்னே வந்தவர் தம் உறவினருக்கு வேலையும் அறையும் தேடித்தர, அவர் இன்னொருவரை அழைத்தார். இதனைத் தொடர் இடப்பெயர்வு என்பர். உறவு என்பது சாதிக்குள் அடங்கியிருந்தமையால், தொடரும் சாதிக்குள்ளேயே நீண்டது. எவரும் எல்லைக்கோடு வரையவில்லை. ஆயினும் எல்லை உண்டாயிற்று.

செம்பூர் இவ்விரண்டிற்கும் பிற்பட்டது. 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிறுவனமும் எழுந்தன. தேர்வெழுதிப் பணிபெற்ற தமிழர் பலர் அப்பகுதியில் குடியமர்ந்தனர். பிறப்பினால் ஒருவர்மேல் ஏற்றப்படும் நிலை பிறப்புவழித் தகுதி. கல்வியாலும் உழைப்பாலும் ஒருவர் பெறுவது ஈட்டிய தகுதி. தோல்தொழிலாளியின் மகள் பொறியாளராவது ஈட்டிய தகுதிக்குச் சான்று. அவள் அடுக்கில் மேலேறுவதைச் சமூகப் பெயர்ச்சி என்பர். ஆனால் ஏணி எல்லார்க்கும் ஒரே உயரத்தில் வைக்கப்படவில்லை. அணுசக்தி நிறுவனத்தின் அருகிலிருந்த சனதா காலனியில் தமிழர் பலர் வாழ்ந்தனர். நெருக்கடிநிலைக் காலமான 1976இல் அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்பிற்கு மாற்றப்பட்டனர். ஒரே நிறுவனம் ஒரு தமிழர்க்குக் குடியிருப்புத் தந்தது. இன்னொரு தமிழரின் குடியிருப்பை எடுத்துக்கொண்டது. வருவாய், சொத்து ஆகியவற்றால் அமையும் வர்க்கம் என்னும் பிரிவும் சாதியோடு பின்னிக் கிடப்பதை இதிற் காணலாம்.

சாதியை ஆராய்ந்த அறிஞர் இருவர் மும்பையோடு நெருங்கிய தொடர்புடையவர்கள் என்பது நமக்கு வாய்த்த நற்பேறு. பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறை 1919இல் பாட்ரிக் கெடிசு என்பவரால் தொடங்கப்பட்டது. 1924இல் அதன் தலைமையை ஏற்ற கோ. ச. குர்யே, 1932இல் வெளியிட்ட நூலில் சாதியின் இயல்புகள் ஆறு என்றார். சமூகம் தனித்தனிக் கூறுகளாய்ப் பிரிந்திருத்தல், அக்கூறுகள் மேல்கீழாய் அடுக்கப்படுதல், உண்பதிலும் பழகுவதிலும் தடைகள், சிலர்க்குச் சலுகையும் சிலர்க்கு உரிமை மறுப்பும், தொழிலைத் தெரிவுசெய்யும் உரிமையின்மை, சாதிக்குள்ளேயே மணம் ஆகியன அவ்வாறு.

மற்றவர் அண்ணல் அம்பேத்கர். மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் அவர் வாழ்ந்த 'இராசகிருகம்' இன்றும் உள்ளது. 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், நியூயார்க்கு நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. சாதியின் உயிர்நிலை அகமணமே, அதாவது தன் குழுவிற்குள்ளேயே மணம் முடித்தலே என்பது அவர் கண்ட முடிபு. அகமணம் இருக்கும்வரை குழுவின் மதில் நிற்கும். ஏனைய தடைகள் அம்மதிலைச் சார்ந்தவை. குர்யேயின் ஆறு இயல்புகளும் பயனுள்ள பட்டியல்தான். எனினும் ஆறனுள் எது வேர் என்று சுட்டியவர் அம்பேத்கரே.

அவர் கூற்றை மும்பை வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். காலை நேர மின்தொடர்வண்டியில் தோளோடு தோள் இடிபடாமல் எவரும் செல்ல இயலாது. தொடாதே என்பார்க்கு அங்கே இடமில்லை. மாட்டுங்கா உணவகங்களில் அருகில் அமர்ந்து உண்பவர் யார் என்று எவரும் வினவுவதில்லை. இது நகரத்தின் கொடை மட்டுமன்று. 1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் கிணறுகளிலும் சாதி காட்டித் தடுப்பதை விலக்கியது. தொழிலிலும் பெருமளவு மாற்றம் உண்டு. ஆனால் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்குவோர் எச்சமூகத்தினர் என்று நோக்கினால், அம்மாற்றம் எங்கே நின்றுவிடுகிறது என்பது விளங்கும்.

மணத்திலோ மதில் அப்படியே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளின் மணமக்கள் தேவை விளம்பரப் பக்கத்தைப் பாருங்கள். மும்பையில் வளர்ந்து மராத்தியும் இந்தியும் சரளமாய்ப் பேசும் பிள்ளைக்கும், தாத்தாவின் ஊர்ச் சாதிப்பெயரே முதல் வரியாக இருக்கும். சாதி கடந்து மணப்போர்க்கும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் வழி வகுத்துள்ளது. ஆயினும் 2011–12ஆம் ஆண்டின் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், சாதி கடந்த மணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடே எனத் தெரியவந்தது. ஆயிரம் கல் தொலைவு கடந்துவந்த குடும்பமும் இந்த ஓரடியை எடுத்துவைக்கத் தயங்குகிறது.

பெயரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். மும்பையில் எப்படிவத்தை நிரப்பினாலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். நம்மில் பலர்க்கு அது இல்லை. தந்தையின் பெயரை எழுதிவிடுகிறோம். உடன் பயிலும் நண்பர்கள் வியப்புடன் வினவக்கூடும். இது குறையன்று, வரலாறு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப்பின் சாதிப்பட்டம் இடுவதைக் கைவிடத் தீர்மானித்தனர். பலர் தம் பட்டங்களைத் துறந்தனர். அவ்வழக்கம் தமிழகமெங்கும் பரவியது. பெயரைக் கேட்டதும் சாதியை அறிய விழைவோர்க்கு அந்தத் தலைப்பெழுத்து விடை தராது. அதே வேளையில், பெயரிலிருந்து மறைந்தது மனத்திலிருந்தும் மறைந்ததா என்று கேட்கவும் நாம் கடமைப்பட்டுள்ளோம்.

பயிற்சி

1. பிறப்புவழித் தகுதி, ஈட்டிய தகுதி ஆகியவற்றைப் பாடத்தில் இல்லாத எடுத்துக்காட்டுகளால் விளக்குக.

2. தொடர் இடப்பெயர்வு சாதிவாரியான குடியிருப்பை எவ்வாறு உருவாக்கியது?

3. குர்யே கூறிய ஆறு இயல்புகளுள் மும்பையில் தளர்ந்தவை எவை? தளராதவை எவை? காரணம் தருக.

4. உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் மும்பைக்கு வந்தவர் யார், எவர் அழைத்து வந்தார், முதல் நாள் எங்கே தங்கினார், என்ன வேலை செய்தார் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக. (எவருடைய சாதியையும் கேட்கவோ எழுதவோ வேண்டா.)