குளிர்மழைக்காட்டின் உறவினர் நம் வேலியில்

மாணவர்களே, ஊசியிலை மரம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? பனி மூடிய மலையும் கூம்பு வடிவ மரமும்தானே? அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு மரம், பிரிக்பீல்ட்ஸ் போன்ற வெப்பமான இடத்திலும் வேலிச்செடியாக நன்கு வளரும். அதன் பெயர் போடோகார்ப்பஸ். அதை அடையாளம் காணவும் வளர்க்கவும் இந்த வாரம் கற்போம்.

குடும்பமும் இருப்பிடமும்

போடோகார்ப்பஸ் குடும்ப மரங்கள் என்றும் பசுமையானவை. நியூசிலாந்தின் குளிர்மழைக்காடுகளில் ஓங்கி நிற்கும் ரிமு மரமும், டாஸ்மேனியாவில் 2,000 ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடிய ஹியூவான் பைனும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

மலேசியாவில் அத்தகைய குளிர் எங்கே கிடைக்கும்? மலை உச்சியில். உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம் சுமார் 2,000 மீட்டர் உயரம். கணக்கிட்டுப் பாருங்கள்: 20 × 0.6 = 12 டிகிரி. கோலாலம்பூரின் சராசரி 27 டிகிரி என்றால், அங்கே சுமார் 15 டிகிரிதான். அதனால்தான் அங்கு பாசி போர்த்திய காடு இருக்கிறது. இக்குடும்பத்தின் சில மரங்கள் அத்தகைய மலைக்காடுகளில் வாழ்கின்றன.

ஆனால் ஓர் இனம் கீழே, கடலோரத்திலும் வாழப் பழகியது. மலாயில் 'ஜாத்தி லாவுட்', அதாவது கடல் தேக்கு எனப்படும் போடோகார்ப்பஸ் பாலிஸ்டாக்கியஸ்தான் அது. பெயரில் தேக்கு இருந்தாலும் தேக்குக்கும் இதற்கும் உறவில்லை.

எப்படி அடையாளம் காண்பது?

1. இலை: நீண்டு ஒடுங்கி, தடிப்பாக இருக்கும். நடுநரம்பு ஒன்று மட்டுமே தெரியும். பக்க நரம்புகள் தெரியா.

2. அடுக்கு: இலைகள் தண்டைச் சுற்றிச் சுருள் வரிசையில் அமையும். தொலைவிலிருந்து பார்த்தால் அரளி போலத் தோன்றலாம். அரளியிலோ பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று இலைகள் இருக்கும். பக்க நரம்புகளும் நெருக்கமாகத் தெரியும். அரளி நச்சுச்செடி என்பதால் பறிக்காமல் பார்த்தே வேறுபாட்டை அறியுங்கள்.

3. விதை: இதற்குப் பூவும் இல்லை, கனியும் இல்லை. பெண் மரத்தில், சதைப்பற்றுள்ள சிறு 'பாதத்தின்' மேல் விதை உட்கார்ந்திருக்கும். முதிர்ந்ததும் அந்தப் பாதம் சிவக்கும். பறவைகள் அதைத் தின்று விதையைப் பரப்பும். கிரேக்க மொழியில் 'போடோஸ்' என்றால் பாதம், 'கார்ப்போஸ்' என்றால் கனி. பெயர் வந்த காரணம் இதுவே. அடிக்கடி கத்தரிக்கப்படும் வேலியில் விதையைக் காண்பது அரிது. இலையையோ விதையையோ வாயில் வைக்க வேண்டாம்.

தோற்றம் ஏமாற்றும் என்பதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு, நம் கடற்கரைச் சவுக்கு மரம். பார்க்க ஊசியிலை மரம் போலிருந்தாலும் அது பூக்கும் தாவரம். போடோகார்ப்பஸின் இலை ஊசி போல இல்லை. ஆனாலும் அது ஊசியிலைக் கூட்டத்தைச் சேர்ந்தது. தமிழகத்தின் அகத்தியர் மலைப் பகுதியில் வளரும் நாகேயா வல்லிச்சியானாவும் இக்குடும்பமே. தென்னிந்தியாவுக்கு இயற்கையாக உரிய ஊசியிலை மரம் அது ஒன்றே. அதன் அகன்ற இலையில் நடுநரம்பே இல்லை. இணையான பல நரம்புகள் ஓடும்.

வீட்டில் வளர்க்க

நிமிர்ந்து வளரும் கிளையின் நுனியில் 10 முதல் 15 செண்டிமீட்டர் வரை வெட்டுங்கள். கீழ் இலைகளை அகற்றி, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த பூச்சாடியில் நடுங்கள். நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பாருங்கள். வேர் பிடிக்கச் சில மாதங்கள் ஆகலாம். அடிக்கடி பிடுங்கிப் பார்க்காதீர்கள். வேர் பிடித்தபின் வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். இது மெதுவாக வளரும் மரம். வெயிலைத் தாங்கும், ஆனால் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும். எனவே பூச்சாடியின் அடியில் துளை அவசியம்.

மலைக் கன்றை எடுக்கலாமா?

கூடாது. இக்குடும்பத்தின் டக்ரிடியம் கோமோசம் என்ற மரம் தீபகற்ப மலேசியாவின் சில மலை முகடுகளில் மட்டுமே வாழ்கிறது. கெந்திங்கில் உள்ள உலு காலி மலை அவற்றுள் ஒன்று. பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் நட்டால் மலையின் குளிரும் மூடுபனியும் அதற்குக் கிடைக்கா. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பூமி வெப்பமடையும்போது தாவர இனங்கள் குளிரைத் தேடித் தலைமுறை தலைமுறையாக மேல்நோக்கி நகரும். ஏற்கெனவே உச்சியில் இருக்கும் மரத்துக்கு மேலே போக இடமேது? அங்குள்ள ஒவ்வொரு கன்றும் அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். தோட்டத்துக்கு நாற்றுப்பண்ணைச் செடியே போதும்.

செய்து பாருங்கள்

• உங்கள் தாமானில் உள்ள வேலிச்செடிகளில் ஐந்தின் இலைகளை வரைந்து, நரம்பமைப்பை ஒப்பிடுங்கள்.

• 1,700 மீட்டர் உயர மலையுச்சியின் வெப்பநிலை கோலாலம்பூரைவிட எத்தனை டிகிரி குறைவாக இருக்கும்? கணக்கிடுங்கள்.

• சராசரி வெப்பநிலை 1.2 டிகிரி உயர்ந்தால், பழைய குளிர் கிடைக்க ஒரு மர இனம் எத்தனை மீட்டர் மேலே செல்ல வேண்டும்?