பொருந்துவனவும் பொருந்தாதனவும்

விழிஞ்ஞம், ஆய் மன்னர்களின் காலத்திலேயே பெயர்பெற்று விளங்கிய துறைமுகம். திருவனந்தபுரத்திற்குத் தெற்கே உள்ள இவ்வூரின் கரையில் இன்றும் மீன்பிடி படகுகள் வந்து ஒதுங்குகின்றன. அவற்றின் அருகிலேயே புதிய பன்னாட்டுத் துறைமுகம் எழுந்துள்ளது. 2024 ஜூலை மாதத்தில் 'சான் பெர்னாண்டோ' என்னும் பெருங்கப்பல், சீனாவிலிருந்து சரக்குப் பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு இங்கு வந்து சேர்ந்தது.

பெட்டகம் இறங்கும் காட்சி உற்று நோக்கத்தக்கது. ஒவ்வொரு பெட்டகத்தின் மூலையிலும் துளையுள்ள எஃகு வார்ப்பு ஒன்று உண்டு. பாரந்தூக்கியின் சட்டம் பெட்டகத்தின்மீது இறங்கும்போது, அதன் நான்கு முனைகளிலும் உள்ள பூட்டுகள் அத்துளைகளுக்குள் நுழைந்து கால்வட்டம் திரும்பி இறுகும். பிறகு பெட்டகம் அப்படியே மேலெழும். அது எந்த நாட்டில் செய்யப்பட்டது, எந்த நிறுவனத்திற்கு உரியது என்று பாரந்தூக்கி கேட்பதில்லை. இந்த இணக்கம் தானாக வந்ததன்று. இத்தகைய மூலைப் பூட்டின் காப்புரிமையைத் தன்னிடம் வைத்திருந்த அமெரிக்கக் கப்பல் நிறுவனம், 1963-இல் அவ்வுரிமையை விட்டுக்கொடுத்தது. உலகிற்கெல்லாம் பொதுவான அளவுகளை வகுப்பதற்கு அது வழிதிறந்தது.

துறைமுகத்தில் கண்ட இணக்கம் மருத்துவமனையிலும் வேண்டும். ஒரே கருவியின் உறுப்புகளுக்கிடையிலும் அது வேண்டும் என்பதை, இதே திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் பட்டு உணர்ந்தது. அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்குச் செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்க முயன்றனர். இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை துடிக்கிறது. அத்தனை முறையும் வால்வின் வட்டு சாய்ந்து திறக்க வேண்டும். மீண்டும் மூட வேண்டும். முதல் மாதிரி நிலைக்கவில்லை. அடுத்த மாதிரியில், செயற்கையாக வளர்த்த நீலக்கல்லால் வட்டையும் டைட்டானியத்தால் சட்டகத்தையும் செய்தனர். கல்லோ மிகக் கடினமானது. அது சட்டகத்தைத் தேய்த்துவிட்டது. மூன்றாம் மாதிரியில் சட்டகத்தைக் கடினமான உலோகக் கலவையால் அமைத்தனர். இம்முறை, ஆட்டின் இதயத்தில் பொருத்திய வால்வில் நீலக்கல் வட்டே உடைந்தது. ஈற்றில் வெற்றி தந்தது பாலிஎத்திலீன் என்னும் நெகிழி வட்டுதான்! தனித்து நோக்கினால் நீலக்கல்லுக்கு முன் நெகிழி எம்மாத்திரம்? ஆனால், சட்டகத்தோடு ஒத்துழைத்தது அதுவே. 1990 டிசம்பரில் அவ்வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

அறுவை அரங்கில் இச்சிக்கல் பல மடங்கு பெருகுகிறது. அங்கு நோயாளியைச் சூழ்ந்து மயக்க மருந்துக் கருவி, செயற்கைச் சுவாசக் கருவி, இதயத்துடிப்புக் காட்டி, மருந்து செலுத்தும் கருவி எனப் பல கருவிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் பணியில் தேர்ந்தது. ஆனால், பக்கத்தில் நிற்கும் கருவி என்ன செய்கிறது என்பதைப் பல வேளைகளில் எதுவும் அறியாது. அவற்றின் கடிகாரங்கள்கூட வெவ்வேறு நேரம் காட்டுவதுண்டு. எது முன் நிகழ்ந்தது, எது பின் நிகழ்ந்தது என்று பின்னர் ஆராய்வதற்கும் அது இடையூறாகிறது.

இதனால் நேரக்கூடிய கேட்டினை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று, 2004-இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்களின் இதழொன்றில் வெளிவந்தது. 32 வயதுப் பெண்ணொருவருக்குப் பித்தப்பை அறுவை நடந்துகொண்டிருந்தது. இடையில் எக்ஸ் கதிர்ப்படம் எடுக்க வேண்டியிருந்தது. மூச்சினால் மார்பு அசைந்தால் படம் தெளிவாக விழாது. ஆகவே மயக்கவியல் மருத்துவர், செயற்கைச் சுவாசக் கருவியைச் சற்றே நிறுத்தினார். படம் எடுத்தாயிற்று. ஆனால், மேசைக்கு அடியிலிருந்த படத்தகட்டை வெளியே எடுக்க இயலவில்லை. மேசையின் பொறி சிக்கிக்கொண்டது. மருத்துவரும் குனிந்து உதவ முற்பட்டார். ஒருவாறு தகடு வெளிவந்தது, அறுவை தொடர்ந்தது. சிறிது நேரத்திற்குப் பின்னர் மருத்துவர் திரையை நோக்கினார். இதயத்துடிப்பு மிகவும் தாழ்ந்திருந்தது. சுவாசக் கருவியை மீண்டும் இயக்கவில்லை என்பது அப்போதுதான் அவர் நினைவிற்கு வந்தது. அப்பெண் பிழைக்கவில்லை.

இங்கு சுவாசக் கருவியோ எக்ஸ் கதிர்க் கருவியோ பழுதடையவில்லை. உதவுவதற்காகக் குனிந்த மருத்துவரைக் கடமை தவறியவர் என்று எளிதில் கூறிவிடவும் இயலாது. ஒரு கருவியின் பணி முடிந்ததை மற்றொரு கருவிக்கு அறிவிக்கும் வேலை முழுவதும் ஒரு மனிதரின் நினைவாற்றலை நம்பியிருந்தது.

பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மயக்கவியல் மருத்துவர் ஜூலியன் கோல்ட்மேன், இவ்வகை இடர்களைப் போக்குவதற்கென 2004-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு மூச்சின் இறுதியிலும் மார்பு ஒரு கணம் அசைவற்றிருக்கும். அக்கணத்தைச் சுவாசக் கருவி எக்ஸ் கதிர்க் கருவிக்குத் தெரிவித்தால், மூச்சை நிறுத்தாமலே படம் எடுத்துவிடலாம். நிறுத்தாத கருவியை மீண்டும் இயக்க மறப்பது எங்ஙனம்? இவ்வாறு இரு கருவிகளையும் இணைக்க இயலும் என்பதைப் பொறியாளர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினர். 2009-இல் இத்தகைய இணைப்பிற்கான பொதுத் தரவரையறை ஒன்றும் வெளியிடப்பட்டது. எனினும், மருத்துவமனைகளில் இது பெட்டகப் பூட்டினைப் போல விரைந்து பரவவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்குத் தனிமொழி ஒன்றை வைத்திருக்கிறது. அதனைப் பிறர்க்குத் திறந்துவிடத் தயங்குகிறது. இரண்டு நிறுவனங்களின் கருவிகளை இணைத்தபின் தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினாவும் எளியதன்று.

இணைய வேண்டியவை இணைவது ஒரு பாதுகாப்பு என்றால், இணையக் கூடாதவை இணையாமலிருப்பதும் பாதுகாப்பே. மயக்க மருந்துக் கருவியில் ஆக்சிஜன் உருளையும் நைட்ரஸ் ஆக்சைடு உருளையும் அருகருகே இருக்கும். பின்னது மயக்கத்திற்குத் துணைபுரியும் வாயு. ஆனால், அதனை மட்டும் சுவாசித்து உயிர்வாழ இயலாது. சிறிய உருளைகளின் வாயில் இரண்டு குழிகள் இருக்கும். கருவியில் அவற்றிற்கு நேராக இரண்டு முளைகள் இருக்கும். ஆக்சிஜனுக்கு 2, 5 என்னும் இடங்கள். நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5 என்னும் இடங்கள். உருளையை மாற்றி வைத்தால் அது பொருந்தாது. 1952 முதல் வழக்கில் உள்ள இம்முறை, அரைத் தூக்கத்தில் இருப்பவரையும் பிழை செய்யாமல் தடுக்கும்.

ஆயினும் ஒரு தடுப்பு மட்டும் போதாது. விழிஞ்ஞத்திற்குத் தென்கிழக்கே கன்னியாகுமரி மாவட்டம் உள்ளது. 1956 வரை இவ்விரு பகுதிகளும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. 2011-இல் அம்மாவட்டத்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை செய்துகொண்ட பெண்ணொருவருக்கு, ஆக்சிஜனுக்கு மாறாக நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தப்பட்டது. நினைவிழந்த அவர் மீளாமலே இறந்தார். அவருடைய குடும்பத்திற்கு இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது.

சுவருக்குள் செல்லும் குழாய்கள் மாறிவிட்டால் உருளையின் முளைகளால் பயனில்லை. அதனால்தான் மயக்க மருந்துக் கருவியின் குழாயில், உள்ளே செல்லும் காற்றில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது என்று அளக்கும் உணரி ஒன்றை வைக்கின்றனர். உருளையின் நிறத்தையோ அதன்மேல் ஒட்டிய பெயரையோ அது பார்ப்பதில்லை. நோயாளியை நோக்கிச் செல்லும் காற்றையே அளக்கிறது; அளவு குறைந்தால் ஒலி எழுப்புகிறது.

பயிற்சி

1. நீலக்கல் வட்டு இருமுறையும் தோல்வியுற்றது ஏன்? இரு தோல்விகளுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

2. எக்ஸ் கதிர்ப்படம் எடுத்த நிகழ்ச்சியில் தவறு யாருடையது? உம் கருத்தைக் காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.

3. உம் வீட்டில் ஒன்றோடொன்று பொருந்தக் கூடாதவாறு செய்யப்பட்ட பொருள்கள் உள்ளனவா? பெற்றோரிடம் கேட்டு, ஒன்றனைத் தமிழில் விளக்கி எழுதுக.