பழைய பிக்கப்புக்கு ஏபிஎஸ்

ஃபோர்டு எஃப்-100 போன்ற பழைய பிக்கப்பில் பின்னால் சுமை இல்லாவிட்டால், ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி அழுத்தியதுமே பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுக்கும். 1987-இல் எஃப்-150க்குப் பின்சக்கர ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) மட்டும் வந்தது இதற்காகத்தான்.

ஏபிஎஸ் பொருத்தும் ஆசை இருந்தால் முதலில் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். 1967க்கு முந்தைய அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் ஒற்றை அறைதான். ஒரு குழாய் கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போச்சு. இரட்டை அறையாக மாற்றிய பிறகே சக்கர வேகத்தை அளக்கும் பல்வளையம், சென்சார் எல்லாம்.

காயலான் கடை ஏபிஎஸ் யூனிட்டை அப்படியே மாட்டாதீர்கள். அதன் கணக்கு வேறொரு வண்டியின் எடைக்கும் டயர் அளவுக்கும் போட்டது. ஏபிஎஸ் செலவு கையைக் கடித்தால், பின்பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் புரோபோர்ஷனிங் வால்வு பாதிக் கவலையைத் தீர்க்கும். காலி மைதானத்தில் ஓட்டி, முன்சக்கரம் முதலில் பூட்டும்படி மெக்கானிக்கிடம் அந்த வால்வைத் திருகச் சொல்லுங்கள்.