அயலூரைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன சொல்கிறோம்?

(வாசிக்க: லூக்காஸ் 9 : 51–56, 10 : 25–37)



எந்தப் பிள்ளையும் பகையோடு பிறப்பதில்லை. தாய்மொழியைப் போலவே பகையையும் அது வீட்டில்தான் கற்கிறது. அடுப்படியில் நாம் பேசுவதைப் பாயில் படுத்திருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. இதை நம் கிழக்கு மாகாணத்தின் அனுபவத்தைக் கொண்டே இன்று படிப்போம்.

சம்மாந்துறை முஸ்லிம் மக்கள் பெருவாரியாக வாழும் ஊர். அதன் அருகே வீரமுனை என்னும் தமிழ்க் கிராமம். இரு ஊராரும் பேசுவது ஒரே தமிழ். தாய்வழிக் குடி வழக்கம் இரு சாராரிடமும் உண்டு. வயல் வேலையிலும் சந்தையிலும் ஒருவரையொருவர் 'மச்சான்' என்று அழைத்த தலைமுறை இன்னும் முற்றாக மறையவில்லை.

1990 ஆகஸ்ட் மாதம் வந்தது. 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 11ஆந் திகதி இரவு ஏறாவூரிலும் அவ்வாறே நடந்தது. மறுநாள் வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் பலர் கொல்லப்பட்டனர். முந்தியவற்றை விடுதலைப் புலிகளும், பிந்தியதைப் படையினரோடு சேர்ந்த முஸ்லிம் ஊர்காவலரும் செய்தார்களென உயிர்தப்பியோர் சாட்சி கூறினர்.

அந்தப் பத்து நாட்களில் பிள்ளைகள் கற்ற பாடம் என்ன? கொன்றவனின் பெயர் தெரியாதபோது அவனுடைய ஊரின் பெயரைச் சொல்லக் கற்றார்கள். 'அவன் செய்தான்' என்பது 'அவர்கள் அப்படித்தான்' என்று மாறியது. பாடசாலையும் இதற்கு மருந்தாகவில்லை. தமிழ்ப் பாடசாலை வேறு, முஸ்லிம் பாடசாலை வேறு, விடுமுறைகூட வேறு. ஒரே வாங்கில் இருந்து சண்டைபிடித்துச் சமாதானமாகும் வாய்ப்புப் பலருக்குக் கிடைக்கவில்லை. அன்று ஏழு வயதாயிருந்த பிள்ளை இன்று நாற்பதைக் கடந்த தாய், தகப்பன்.

இது பிறருடைய கதை என்று கத்தோலிக்கராகிய நாம் ஒதுங்க முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று நம் ஆலயங்களில் இரத்தம் சிந்தப்பட்டது. ஐந்து நாட்களின் பின் சம்மாந்துறையில் ஒரு வீட்டில் வெடிபொருட்கள் அகப்பட்டன. அன்றிரவே சாய்ந்தமருதில் அக்கும்பலைச் சேர்ந்தோர் குண்டுகளை வெடிக்கவைத்தபோது அவர்களுடைய சிறுபிள்ளைகளும் மாண்டனர். இவ்வளவும் நம் வீடுகளில் பேசப்பட்டது. அந்தப் புதுக் குடியிருப்பாளர்மீது சந்தேகங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே என்பதும் பேசப்பட்டதா? பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பதும் பொய்ச்சாட்சியே.

இப்போது நற்செய்திக்கு வருவோம். சமாரிய ஊரொன்று ஆண்டவரை ஏற்க மறுத்தது. வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்து அந்த ஊரையே எரிக்க யாகப்பரும் அருளப்பரும் விரும்பினார்கள். ஊரார் மறுத்தது உண்மைதான். சீடர் பொய் சொல்லவில்லை. ஆயினும் யேசு அவர்களையே கடிந்துகொண்டார். அடுத்த அதிகாரத்தில், இரக்கத்துக்கு முன்மாதிரியாக ஒரு சமாரியனையே நம்முன் நிறுத்துகிறார். கேள்வி கேட்ட சட்ட அறிஞனுக்கோ, முடிவில் 'சமாரியன்' என்ற சொல்லே வாயில் வரவில்லை. இரக்கங்காட்டியவன் என்று மட்டும் சொல்லி முடித்தான். சிறுவயதில் படிந்த பகை அவ்வளவு ஆழமானது.

நடந்த கொடுமையைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டியதில்லை. இறந்தோரை நினைப்பது நம் கடமை. ஆனால் செய்தவனைச் செய்தவன் என்றே சொல்வோம். அவனுடைய பாவத்தை ஓர் ஊரின் தலையில், அங்கே நேற்றுப் பிறந்த குழந்தையின் தலையில் ஏற்றாதிருப்போம்.

சிந்திக்க:

1. முஸ்லிம் மக்களைக் குறிக்க நம் வீட்டில் வழங்கும் சொல் எது? அதை அவர்கள் முன்னிலையில் சொல்வோமா?

2. பிற மதத்தவர் நம் குடும்பத்துக்குச் செய்த ஒரு நன்மையையாவது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

3. நம் பிள்ளை பெயர் சொல்லி அழைக்கும் முஸ்லிம் நண்பன் ஒருவனாவது உண்டா?

செபம்: ஆண்டவரே, எங்கள் பிள்ளைகள் கேட்க நாங்கள் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் காத்தருளும். ஆமென்.