தண்ணீரை நன்றாகப் பாருங்கள்

கோல்ஃப் மைதானத்தில் குளம் இருக்கும் ஹோலுக்கு வந்து டீயில் ஏறியதும், கூட ஆடுபவர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "தண்ணி இருக்குன்னே நினைக்காதீங்க சார், சும்மா அடிங்க." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் நினைக்காதே என்று சொன்ன நொடியிலிருந்து மனம் அதை மட்டும்தான் நினைக்கும். என்னிடம் பழக வருகிறவர்களுக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். தண்ணீரைப் பாருங்கள், வாங்கப்போகும் மனையைப் பார்ப்பதுபோல் எல்லையோடு பாருங்கள். கரை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? நட்டிருக்கும் குச்சி மஞ்சளா, சிவப்பா? கரையில் புல் அடர்ந்திருக்கிறதா, ஒட்ட வெட்டியிருக்கிறார்களா? விழுந்த பந்து நிற்குமா, உருண்டு உள்ளே போகுமா? போய்விட்டால் அடுத்த பந்தை எங்கிருந்து அடிப்பேன்? பையிலிருந்து கிளப்பை உருவுவதற்கு முன்பே இவ்வளவும் முடிந்திருக்க வேண்டும். முடித்துவிட்டால், பந்தின் முன் நிற்கும்போது யோசிக்க மிச்சம் இருப்பது பந்து எங்கே விழவேண்டும் என்பது மட்டும்தான்.

பெரும்பாலான நேரங்களில் அந்த இடம் கொடி இருக்கும் இடமாக இருக்காது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் மைதானத்தின் 12-வது ஹோல், 155 யார்டு பார் 3. தூரத்தைக் கேட்டால் சின்ன வேலை. முன்னால் ரேஸ் கிரீக் என்ற ஓடை, ஒட்ட வெட்டிய சரிவான கரை, அதற்கு மேல் குறுக்கே சாய்வாகக் கிடக்கும் ஒல்லியான கிரீன். அதன் இடப்பக்கம் டீக்குக் கிட்டத்தில், வலப்பக்கம் தள்ளி. வலது கை ஆட்டக்காரரின் பந்து சரியாகப் படாமல் வலப்பக்கம் விலகினால் தூரமும் குறையும். எங்கே அதிகத் தூரம் வேண்டுமோ அங்கேயே பந்து குறைவாகப் போகும். அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் கொடியை வழக்கமாக அந்த வலது மூலையில்தான் நடுவார்கள். 2019-இல் முன்னிலையில் இருந்த பிரான்செஸ்கோ மோலினாரியின் பந்து கரையில் பட்டு ஓடைக்குள் உருண்டது. அதே குழுவில் ஆடிய டோனி ஃபினாவின் பந்தும் தண்ணீரில். முந்தைய குழுவில் புரூக்ஸ் கெப்கா, இயன் போல்ட்டர் இருவருக்கும் அதே கதி. டைகர் உட்ஸ் கொடியின் பக்கமே போகவில்லை. முன்பக்கப் பங்கருக்கு மேலாக, கிரீனின் இடப்பக்கம் பார்த்து அடித்து, இரண்டு பட்டில் பார் எடுத்துக்கொண்டு நடந்தார். அன்று வெற்றியாளரின் பச்சைக் கோட்டு அவருடையது. அந்தப் பந்தை யாரும் அற்புதம் என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீர் ஹோலில் நாம் அடிக்க வேண்டியது அப்படிப்பட்ட பந்தைத்தான்.

உங்கள் மைதானத்தில் இதைச் செய்வதற்கு முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டியது உங்கள் பந்து வழக்கமாகத் தவறும் பக்கம். வலப்பக்கம் வளைகிறவர் என்றால் அது குற்றமில்லை, ஒரு தகவல். வலப்பக்கம் குளம் இருக்கும் டீயில், டீ எல்லையின் வலது ஓரத்தில் பந்தை வைத்து இடப்பக்கமாகக் குறி பாருங்கள். குளத்தை ஒட்டி நிற்கப் பலருக்குக் கூச்சம்; இயல்பாகவே விலகி இடது ஓரத்துக்குப் போய்விடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் ஃபேர்வேயே குளத்தை நோக்கி ஓடுவதுபோல் இருக்கும். ஆபத்து இருக்கும் பக்கத்திலிருந்து அதற்கு எதிர்ப்பக்கம் அடிப்பதே வசதி.

அடுத்தது தூரம். ஒரு 7 அயர்ன் எவ்வளவு போகும் என்று கேட்டால் "150" என்று பெருமையாகப் பதில் வரும். என்றோ ஒரு நாள், காற்று பின்னாலிருந்து தள்ள, காய்ந்த ஃபேர்வேயில் உருண்டு போன தூரம் அது. குளத்தைத் தாண்ட உதவுவது பந்து காற்றில் பறக்கும் தூரம் மட்டும்தான். தண்ணீர் மேல் பந்து உருளாது. ரேஞ்சில் ஒரே கிளப்பால் பத்துப் பந்து அடித்து ஒவ்வொன்றும் முதலில் தரையைத் தொட்ட இடத்தைக் கவனியுங்கள். மிக நல்லதையும் மிக மோசமானதையும் தள்ளிவிட்டு நடுவில் வருவதுதான் உங்கள் தூரம். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். ஊட்டியிலோ நுவரெலியாவிலோ ஆடிவிட்டு வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் பறக்கும். அந்தக் கணக்கோடு சென்னையில் வந்து அடித்தால் பந்து குளத்தில்தான்.

மைதானத்தில் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, குளத்தின் அக்கரைக்கு எவ்வளவு. மற்றொன்று, கிரீனின் நடுவுக்கு எவ்வளவு. கேடியிடம் கொடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் அவர் அதை மட்டும்தான் சொல்வார். "தண்ணியைத் தாண்ட எவ்வளவு?" என்றும் கேளுங்கள். கிரீனின் நடுவுக்கான கிளப்பை எடுங்கள். எதிர்க்காற்று என்றால் ஒன்று கூடுதலாக. காற்றைக் காட்டித்தருவதும் தண்ணீர்தான்: குளத்தின் மேல் ஓடும் சிற்றலையைப் பாருங்கள், பிறகு மர உச்சியைப் பாருங்கள். பந்து பறக்கப்போவது மர உச்சி உயரத்தில். இரண்டும் வேறு திசை சொன்னால் உச்சியை நம்புங்கள்.

இவ்வளவு செய்தபிறகும் கை இறுகும், வேகம் கூடும். தண்ணீரைத் தாண்ட வேண்டும் என்ற அவசரத்தில் பந்தைக் கீழிருந்து அள்ளித் தூக்கப் பார்ப்போம். உடல் எடை பின்காலில் தங்கிவிடும். கிளப் பந்துக்குப் பின்னால் மண்ணில் இறங்கும், அல்லது பந்தின் தலையில் பட்டுத் தரையோடு சீறும். இரண்டுக்கும் முடிவு ஒரே இடம். பந்தை உயர்த்தும் வேலையைக் கிளப்பின் சாய்வு பார்த்துக்கொள்ளும். ஒரு கிளப் கூடுதலாக எடுத்து, அந்தத் தெம்பில் முக்கால் வேகத்தில் வீசி, முன்காலில் நிலையாக நின்று முடியுங்கள். ஒத்திகைக்கு இரண்டு வீச்சு போதும். ஐந்தாவது ஒத்திகை பயத்தைத்தான் வளர்க்கும்.

பழைய பந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளத்தைக் கண்டதும் நல்ல பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, கீறல் விழுந்த பந்தைத் தேடி எடுக்கிறார்கள். இருநூறு ரூபாய் மிச்சம் என்று கணக்கு. நான் தோற்கப்போகிறேன் என்று கைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதில் போகும் நஷ்டம் அதைவிடப் பெரியது. அந்த ஹோலையும் வழக்கமான பந்திலேயே ஆடுங்கள். பறக்கும் தூரமும் மாறாது.

சில குளங்களைத் தாண்டவே வேண்டியதில்லை. பார் 4, இரண்டாவது பந்து, கிரீனுக்கு 170 யார்டு, முன்னால் தண்ணீர். தாண்டிக் கிரீனில் நின்றால், இரண்டு பட் சேர்த்து 4. முன்னாலேயே நிறுத்திவிட்டு மூன்றாவதைக் கிரீனில் போட்டால் 5. தண்ணீரில் விழுந்தால் அபராதம் சேர்ந்து மூன்று, நான்காவது பந்து கிரீனில், முடிவு 6. ஜெயித்தால் ஒன்று லாபம், தோற்றால் ஒன்று நட்டம் என்பதால் பத்தில் ஐந்து முறை தாண்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் தாண்டியதெல்லாம் கிரீனில் நிற்காது. பங்கரில் போனது நிறுத்தி ஆடியவருக்குக் கிடைக்கும் அதே 5-க்குத்தான் பெரும்பாலும் வரும். விழுந்தவர் அடிக்கும் அடுத்த பந்தும் மறுபடி விழக்கூடும். அதனால், பத்தில் ஏழு முறை கிரீனில் நிறுத்துவேன் என்று கூசாமல் சொல்ல முடிந்தால் அடியுங்கள், இல்லாவிட்டால் நிறுத்துங்கள். நிறுத்தும்போது, எவ்வளவு நன்றாகப் பட்டாலும் எவ்வளவு உருண்டாலும் தண்ணீரைத் தொடவே முடியாத கிளப்பாகப் பார்த்து எடுங்கள். பத்திரமாக ஆடப் போய்த் தண்ணீரில் விடுவதைப்போல் எரிச்சல் தருவது வேறில்லை.

குறுக்காக வளைந்து கிடக்கும் குளம் இன்னும் ஆசை காட்டும். எவ்வளவு துணிகிறீர்களோ அவ்வளவு வழி மிச்சம். ஃப்ளோரிடாவில் உள்ள பே ஹில் மைதானத்தின் 6-வது ஹோல் அப்படி ஏரியைச் சுற்றி இடப்பக்கம் வளையும் பார் 5. 1998-இல் அங்கே ஏரியைக் குறுக்கே தாண்டப் பார்த்த ஜான் டேலி ஆறு பந்துகளைத் தண்ணீரில் விட்டு, அந்த ஒரு ஹோலில் 18 எடுத்தார். திறமைக்குக் குறைவில்லாதவர், இரண்டு மேஜர் பட்டம் வென்றவர். முதல் பந்து போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அதே முடிவைத் திரும்பத் திரும்ப எடுத்ததில்தான் ஸ்கோர் அங்கே போய் நின்றது.

தண்ணீர் நம்மிடம் பிடுங்குவது ஒரு ஸ்ட்ரோக்தான். மிச்சத்தை, விழுந்த பிறகு நாமே கொடுக்கிறோம். 2016 மாஸ்டர்ஸில் கடைசி நாள் ஒன்பது ஹோல் முடிவில் ஐந்து ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்த ஜோர்டன் ஸ்பீத், அதே 12-வது ஹோலில் பந்தை ஓடையில் விட்டார். டிராப் செய்து சுமார் 80 யார்டிலிருந்து வெட்ஜால் அடித்தது மண்ணில் தட்டி மறுபடி ஓடைக்குள். ஏழில் முடித்தார், பட்டம் டேனி வில்லெட்டுக்குப் போனது. உலகத்தின் தலைசிறந்த கைகளுக்கே அந்த இரண்டாவது பந்து அப்படி என்றால், நாம் அதற்கு முன் ஒரு நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்வதில் வெட்கம் எதற்கு? அவசரமாகப் பந்தைப் போட்டு அடிக்காதீர்கள். கூட ஆடுபவரை முதலில் அடிக்கச் சொல்லுங்கள்.

அந்த நிமிடத்தில் விதியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 2019-இலிருந்து விதிப்புத்தகத்தில் இந்த இடங்களுக்குப் பெனால்டி ஏரியா என்று பெயர். மஞ்சள் குச்சி என்றால் ஒரு ஸ்ட்ரோக் அபராதத்தோடு இரண்டு வழி: முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம், அல்லது பந்து எல்லையைக் கடைசியாகக் கடந்த புள்ளியையும் கொடியையும் இணைக்கும் கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போய் டிராப் செய்யலாம். பந்து பறந்து வந்த கோட்டில் பின்னால் போகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன், அது தவறு. சிவப்பு என்றால் கூடுதலாக ஒரு வழி: கடந்த புள்ளியிலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்குக் கிட்டே போகாமல். பந்து 'சளப்'பென்று விழுந்த இடம் கணக்கில் இல்லை. டிராப் முழங்கால் உயரத்திலிருந்து. நிறமே குறிக்காத குளத்தைச் சிவப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

பின்னால் போகும் வழியைப் பலர் வீம்புக்கு விட்டுவிடுகிறார்கள். கரையோரச் சரிவில் 40 யார்டில் அரைகுறை வீச்சு வீசுவதைவிட, சமதரையில் 90 யார்டில் முழு வெட்ஜ் அடிப்பது உங்களுக்குச் சுலபம் என்றால் பின்னாலேயே போங்கள்.

நம் ஊர்ப் பருவங்களுக்கு மேலும் இரண்டு. கோடையில் குளம் வற்றித் தரை வெடித்துக் கிடந்தாலும் குச்சிக்குள் இருக்கும்வரை அது பெனால்டி ஏரியாதான். ஆனால் கிடக்கும்படியே அபராதமின்றி அடிக்கலாம், கிளப்பைத் தரையில் ஊன்றலாம், சருகையும் விலக்கலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் குளம் நிரம்பிக் குச்சிக்கு வெளியே வழிந்தால், வெளியே நிற்கும் நீர் வெறும் தற்காலிகத் தண்ணீர். அதற்கு அபராதமே இல்லாமல் நிவாரணம் உண்டு. இது தெரியாமல் ஒரு ஸ்ட்ரோக்கைச் சேர்த்து எழுதிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம்.

தண்ணீரிலேயே நின்று அடிப்பது? 2011 டூர் சாம்பியன்ஷிப் பிளேஆஃபில் பில் ஹாஸ் ஏரி ஓரத்தில் பாதி மூழ்கிய பந்தைப் பங்கர் அடிபோல் அடித்துக் கொடியருகே நிறுத்தி, கடைசியில் பட்டத்தையும் வென்றார். பந்தில் பாதியாவது வெளியே தெரிந்து, காலடி உறுதியாக இருந்தால் யோசிக்கலாம். முழுக்க மூழ்கியிருந்தால் செருப்பை நனைக்காதீர்கள்.

கடைசியாக, வீட்டுப்பாடம். உங்கள் மைதானத்தில் குளம் உள்ள ஒவ்வொரு ஹோலிலும், வழக்கமாக டிராப் செய்ய நேரும் இடத்திலிருந்து கிரீனின் நடுவுக்கு எத்தனை யார்டு என்று ஸ்கோர் கார்டின் பின்புறம் குறித்து வையுங்கள். அநேகமாக 60-க்கும் 100-க்கும் இடையில் வரும். ரேஞ்சில் டிரைவரை ஓங்கி அடிக்கும் கூட்டத்தில் இந்தத் தூரத்தைப் பழகுகிறவர் யாரும் இல்லை. வாரத்துக்கு ஒரு கூடை பந்தை இதற்கென்று ஒதுக்குங்கள். பந்துகளை மெத்தையான பாயில் வைக்காமல் முழங்காலிலிருந்து புல்லில் போட்டு, விழுந்தபடியே அடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை குளத்தருகே அது அப்படித்தான் கிடக்கும்.