பழைய பென்ஸ் வண்டியின் கியர்ப்பெட்டி: கோளாறறியும் முறை

வாகனமொன்று பழமையெய்த எய்த அதன் விலை குறையும். அதனைச் செப்பனிடும் செலவோ குறைவதில்லை. புதிதாயிருந்த காலத்தில் பெருஞ்செல்வர் மட்டுமே வாங்கத்தக்கதாயிருந்த வண்டி, முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் நடுத்தர வருவாயுடையார் கைக்கும் வந்து சேர்கின்றது. அப்போது அதன் தானியங்கிக் கியர்ப்பெட்டியில் ஓர் உதைப்போ வழுக்கலோ காணப்படின், பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் தீர்ப்பு, "பெட்டி போய்விட்டது; இறக்கிப் பிரிக்கவேண்டும்" என்பதே. அத்தீர்ப்பின்படி நடந்தால் செலவு வண்டியின் விலையையே விஞ்சுதலும் உண்டு. அதற்கு அஞ்சி, இன்னும் பல ஆண்டு ஓடத்தக்க வண்டிகளைப் பழைய இரும்பாக விற்றுவிடுவாரும் உளர்.

இத்தீர்ப்பு சிலவேளை உண்மையே. ஆயினும் பெட்டியைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டிய எளிய சோதனைகள் சில உள. அவற்றை முறைப்படி செய்தால், குற்றம் பெட்டிக்குள் அன்று, அதற்கு வெளியிலே உள்ளதென்பது பல சமயங்களில் வெளிப்படும். அச்சோதனைகளையும் அவற்றின் வரிசைக்குரிய காரணத்தையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுப்படப் பேசுவதினும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பேசுதல் தெளிவு தரும். மெர்ஸிடிஸ்-பென்ஸ் கம்பெனியார் ஜெர்மனியில் 1979 முதல் 1991 வரை செய்துவந்த 126-ஆம் வரிசை 'எஸ்' வகுப்பு வண்டியை இங்கே எடுத்துக்கொள்வோம். அதிற் பொருத்தப்பட்ட நான்கு வேகத் தானியங்கிப் பெட்டிக்கு 722.3 என்பது குறியெண். 1990-களின் நடுவில் அதே கம்பெனியார் வெளியிட்ட 722.6 என்னும் பெட்டி மின்பொறியால் ஆளப்படுவது. தனக்குற்ற குறையைத் தானே குறித்துவைத்து, கருவி கொண்டு கேட்பார்க்கு அறிவிக்கும். 722.3-க்கு அவ்வாறு பேசும் வாய் இல்லை. கண்ணும் செவியும் மூக்கும் தர்க்க அறிவுமே இங்கு நமக்குக் கருவிகள். ஆதலின் ஆராயும் முறையைக் கற்கும் மாணாக்கர்க்கு இது நல்ல பாடமாகும்.

1. பெட்டியின் இயல்பு

எண்ணெயின் ஓட்டத்தால் சுழற்சியை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் கருவிக்கு ஹெர்மன் பாட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறிஞர் 1905-இல் காப்புரிமை பெற்றார். அஃது அன்று கப்பல்களை நோக்கி எழுந்த கருத்து. மோட்டார் வண்டிகளில் முழுத் தானியங்கிப் பெட்டியைப் பெருவாரியாகப் புகுத்தியவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார். அவர்கள் 'ஹைட்ராமாட்டிக்' பெட்டியை 1939-இல் அறிவித்து, 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளிற் பொருத்தினர். பென்ஸ் கம்பெனியார் தாமே செய்த தானியங்கிப் பெட்டி 1961-இல் வெளிவந்தது.

நாம் எடுத்துக்கொண்ட பெட்டியின் முகப்பில் டார்க் கன்வெர்ட்டர் உளது. எதிரெதிரே வைத்த இரு விசிறிகளுள் ஒன்றை ஓட்டினால், அதன் காற்றால் மற்றதும் சுழலுமன்றோ? அதுபோல எஞ்சினால் சுழலும் சக்கரம் எண்ணெயை வீச, அவ்வெண்ணெய் பெட்டியின் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதன்பின் கோள்களைப்போல் ஒன்றையொன்று சுற்றும் பற்சக்கரத் தொகுதிகள் அமைந்துள்ளன. அவற்றின் எவ்வுறுப்பைப் பிடித்து நிறுத்துகிறோம், எவ்வுறுப்புகளை ஒன்றாகப் பிணைக்கிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பிடித்து நிறுத்துவன பிரேக்குகள். பிணைப்பன கிளச்சுத் தட்டுகள். இவ்விரண்டையும் இயக்குவது எண்ணெயின் அழுத்தம்.

எப்பொழுது மாற்றுவது, எவ்வளவு வன்மையுடன் மாற்றுவது என்பவற்றைப் பெட்டி எவ்வாறு அறிகின்றது? மூன்று செய்திகளால் அறிகின்றது. வண்டியின் வேகத்தைப் பெட்டிக்குள்ளேயே சுழலும் கவர்னர் தெரிவிக்கும். எஞ்சினின் சுமையை, எஞ்சினின் உறிஞ்சுகுழலிலிருந்து வரும் வெற்றிடக் குழாய் தெரிவிக்கும். ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தார் என்பதை பௌடன் கம்பி தெரிவிக்கும். பின்னிரண்டும் வெளியினின்று வரும் செய்திகள் என்பதை நினைவிற் கொள்க. செய்தி பொய்யாயின், குற்றமற்ற பெட்டியும் குற்றமுடையதுபோல நடக்கும்.

2. முதற்சோதனை: எண்ணெய்

எண்ணெயே பெட்டியின் குருதி. அதன் அளவைக் காண்பதிலேயே பலர் தவறுகின்றனர். எஞ்சின் எண்ணெயை எஞ்சினை நிறுத்திப் பார்ப்போம். இவ்வெண்ணெயை எஞ்சின் ஓடும்போதே பார்க்கவேண்டும். வண்டி சமதரையில் நிற்றல் வேண்டும். கைப்பிரேக் இழுத்திருத்தல் வேண்டும். கியர்க்கோல் 'பி' என்னும் நிலையில் இருத்தல் வேண்டும். எண்ணெய் சுமார் 80 பாகை செண்டிகிரேடு வரை சூடேறியிருத்தல் வேண்டும். எண்ணெய் சூட்டால் விரியுமாதலின், குளிர்ந்த நிலையில் மேற்குறி வரை நிரப்பினால், சூடேறியபின் அளவு மிஞ்சிவிடும். அளவுகோலின் மேற்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையிலுள்ள அளவு சுமார் 0.3 லிட்டரே, ஆகையால் சிறிது சிறிதாகவே ஊற்றுக. கோலைத் துடைக்கும் துணி நூலுதிராததாய் இருக்கட்டும். உதிர்ந்த நூலொன்று வால்வின் நுண்வழியில் சிக்கினும் கேடு விளையும்.

எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை விழுங்கும்; அழுத்தம் குன்றித் தட்டுகள் வழுக்கும். எண்ணெய் மிகுந்தாலும் ஏறக்குறைய அதே விளைவுதான்: சுழலும் சக்கரங்கள் அதனைக் கடைந்து நுரையாக்கும், நுரை அழுத்தத்தைத் தாங்காது. இங்ஙனம் எதிர்மாறான இரு காரணங்கள் ஒரே குறியைத் தருமாதலின், அளவைக் காணாமல் எண்ணெய் ஊற்றுதல் அறிவுடைமையாகாது.

அளவின்பின் நிறமும் மணமும் காண்க. நல்ல எண்ணெய் தெளிந்த செந்நிறம் உடையது. கருத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால் தட்டுகள் வழுக்கிச் சூடேறியிருக்கின்றன. பால்கலந்த இளஞ்சிவப்பாய் இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. பெட்டியெண்ணெயைக் குளிர்விக்கும் குழல் ரேடியேட்டருக்குள் அமைந்திருப்பதால், அங்கே கசிவு ஏற்பட்டிருக்கலாம். இந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. நீர் தட்டுகளின் உராய்வுப் பூச்சைப் பெயர்த்துவிடும்.

எண்ணெயை மாற்றும்போது அடித்தட்டைக் கழற்றினால் அதிற் படிந்திருப்பதையும் நோக்குக. நுண்ணிய சாம்பல்நிறப் படிவு இயல்பானது. பளபளக்கும் உலோகச் சிம்புகள் உள்ளே தேய்வு மிகுந்தமைக்குச் சான்று. வடிகட்டியையும் புதிதாக இடுக. டார்க் கன்வெர்ட்டரில் வடிதிருகு உள்ள வண்டிகளில் அதனையும் திறந்து வடித்தல் வேண்டும். அன்றேல் பழைய எண்ணெயின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிப் புதிதையும் கெடுக்கும்.

3. இரண்டாஞ்சோதனை: வெற்றிடக் குழாய்

பெட்ரோல் எஞ்சின் மெல்ல ஓடுங்கால் அதன் உறிஞ்சுகுழலில் வெற்றிடம் மிகுதி. ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சுமையேற்றினால் அது குறையும். பெட்டியின் பக்கத்திலுள்ள மாடுலேட்டர் இந்த வேறுபாட்டை உணர்ந்து எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றது. சுமை மிகுந்தபோது தட்டுகள் இறுகப் பிடிக்கவேண்டுமாதலின், வெற்றிடம் குறையக் குறைய அழுத்தம் ஏறும்.

இனி, ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்றுப் புகுந்ததாகக் கொள்வோம். வண்டி மெல்ல ஊர்ந்து செல்லும்போதும் "சுமை மிகுதி" என்ற பொய்ச்செய்தியே பெட்டிக்குச் செல்லும். பெட்டி முழு வன்மையுடன் பிடிக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் வண்டி உதைக்கும். உரிமையாளர் பெட்டி உடைந்ததென்று அஞ்சுவார். உடைந்ததோ விரல் நீளமுள்ள ரப்பர்த் துண்டு! ஆதலின் உதைப்புக் கண்டவுடன் குழாய் முழுவதையும் கையால் தடவி, முனைகளையும் இணைப்புகளையும் நோக்குக.

குழாயைக் கழற்றும்போது அதன் பெட்டிப்பக்க முனையில் செவ்வெண்ணெய் காணப்பட்டால், மாடுலேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்த்திரை கிழிந்துள்ளது. அப்போது எஞ்சின் பெட்டியெண்ணெயை உறிஞ்சி எரிக்கும். தரையிற் சொட்டு விழாமலே எண்ணெய் குறைதலும், புகைக்குழலில் வெண்புகை மிகுதலும் இதன் குறிகள். மாடுலேட்டரை வெளியிலிருந்தே கழற்றி மாற்றலாம். பெட்டியை இறக்க வேண்டுவதில்லை.

4. மூன்றாஞ்சோதனை: பௌடன் கம்பி

இக்கம்பி ஆக்ஸிலேட்டர் இணைப்பிலிருந்து பெட்டிக்குச் செல்வது. வெற்றிடம் பெரும்பாலும் மாற்றத்தின் வன்மையை ஆள, இது மாற்றத்தின் காலத்தை ஆள்கின்றது. கம்பி தளர்ந்தால், மெல்ல மிதித்ததாகப் பெட்டி எண்ணி, மேல்வேகத்திற்கு விரைந்து மாறும். மிகையாக இறுகினால் எஞ்சின் இரைந்த பின்னரே மாறும். ஆகவே, "எப்படி மாறுகிறது?" என்பதும் "எப்போது மாறுகிறது?" என்பதும் வேறு வேறு வினாக்கள். இவ்விரண்டையும் பிரித்துக் கேட்பவர் பாதி வேலையை முடித்தவராவர்.

ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தும் கீழ்வேகத்திற்கு மாறவில்லையாயின், மிதியின் அடியிலுள்ள மின்விசையையும் அதன் பியூசையும் கம்பிகளையும் முதலிற் காண்க.

5. ஏமாற்றுங் குறிகள்

பெட்டியின்மேல் வீணே பழி சுமத்தும் குறிகளும் உள. எஞ்சின் நிற்கும்போது மிக விரைந்து ஓடினால், 'டி' நிலையில் இட்டவுடன் வண்டி துள்ளும், குற்றம் எஞ்சினுடையது. பெட்டியைத் தாங்கும் ரப்பர் மெத்தையோ, பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டிலுள்ள ரப்பர் வட்டமோ கிழிந்தால் "டக்" என்ற ஓசை கேட்கும். மேலும், இவ்வரிசை வண்டிகளுட் பல இயல்பாகவே இரண்டாம் வேகத்தில் புறப்பட்டு, வன்மையாக மிதித்தால் மட்டுமே முதல் வேகத்தை எடுப்பன. இதனை அறியாதார், "முதல் வேகம் இல்லை" என்று பெட்டியைப் பிரிக்கப் புகுவர்.

6. உண்மையான உள்நோய்

மேற்கூறியவை யாவும் செவ்வையாயிருந்தும் குறை நீங்காவிடின், உட்புறத்தை ஐயுறலாம். அப்போதும் குறிகளே வழிகாட்டும். இரண்டாம் வேகத்தினின்று மூன்றாவதற்கு மாறும்போது மட்டும் எஞ்சின் கட்டின்றி ஒரு கணம் இரைந்தால், அம்மாற்றத்திற் பிடிக்கவேண்டிய 'கே 1' என்னும் கிளச்சுத் தட்டுத் தொகுதியை நோக்கவேண்டும். வால்வுப் பகுதியில் அதற்குரிய வில்லை மாற்றுவதால் சிலவேளை இது தீரும். முன்னோக்கிச் செல்லாது பின்னோக்கி மட்டும் நன்றாகச் செல்லுமாயின், முதல் மூன்று வேகங்களிலும் தொழிற்படும் 'பி 2' பிரேக்கின் பிஸ்டன் முதல் ஐயத்திற்குரியது. பின்னோக்கிச் செல்லும்போது மட்டும் தாமதமாயின், 'பி 3' பிரேக்கின் ரப்பர் வளையங்கள் இறுகியிருக்கலாம். இவற்றையும் அழுத்தமானி வைத்து அளந்தபின்னரே முடிவு செய்தல் முறை. வண்டியடியிற் புகுமுன் உறுதியான தாங்கிகள் இட்டுச் சக்கரங்களுக்கு அடைகொடுத்தல் இன்றியமையாதது. பளுதூக்கும் ஜாக்கியை மட்டும் நம்பி உயிரைப் பணயம் வைத்தலாகாது.

முடிவுரை

சோதனைகளின் வரிசையை மீண்டும் நோக்குவோம். காண்பது முதல், தொடுவது அடுத்தது, திருகித் திருத்துவது அதற்கடுத்தது, திறப்பது இறுதி. செலவு குறைந்ததும், செய்தபின் பழைய நிலைக்கே மீட்கக்கூடியதும் முன்னே நிற்க, மீளமுடியாதது பின்னே நிற்கின்றது. இன்னும் ஒரு விதி உண்டு: ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றி, ஓட்டிப் பார்த்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். எண்ணெய், மாடுலேட்டர், கம்பி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றினவனுடைய வண்டி நன்றாக ஓடினாலும், எதனால் ஓடிற்றென்பதை அவன் அறியான். மறுபடி கோளாறு நேரின், தொடங்கிய இடத்திலேயே நிற்பான்.

இம்முறை ரசாயனசாலையில் நாம் கற்கும் முறையினின்று வேறன்று. அங்கே பிழைபட்டால் ஒரு குழாயின் கரைசல் வீணாகும். பட்டறையிலோ ஒரு குடும்பத்தின் சேமிப்பு வீணாகும். நல்லதொரு யந்திரமும் காரணமின்றி அழியும். ஆதலின், "பெட்டி போய்விட்டது" என்பாரிடம், "எண்ணெய் பார்த்தீரா? குழாய் பார்த்தீரா? கம்பி பார்த்தீரா?" என்று அமைதியாகக் கேட்கும் அறிவை நம் மாணாக்கர் ஒவ்வொருவரும் பெறுவாராக.